தமுலஸ்: ஒரு செந்தேளின் பெயர் வரலாறு

தமிழின் பெயரைத் தன் அறிவியற் பெயரில் சுமந்து திரியும் உயிர்களுள் ஒன்று தேள் என்பதை நாம் மிகத் தாமதமாகவே அறிந்தோம். தமிழிலக்கியம் கற்பிப்பவருக்கும் விலங்கியலுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு தற்செயலானது. தரங்கம்பாடி அச்சுக்கூடத்தைப் பற்றி வகுப்பில் ஒரு பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக டேனியர் காலத்துச் செய்திகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஃபப்ரீசியஸ் என்ற பெயரில் இருவர் எதிர்ப்பட்டனர். ஒருவர் நமக்கு முன்பே அறிமுகமானவர்: யோகான் பிலிப் ஃபப்ரீசியஸ். தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் சமயப் பணியாற்றி, 1779இல் தமிழ் ஆங்கில அகராதியை அச்சேற்றியவர். மற்றவர் யோகான் கிறிஸ்டியான் ஃபப்ரீசியஸ். பூச்சியியலாளர். லின்னேயஸின் மாணவர், கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். முதலாமவர் தமிழ்ச் சொற்களைத் தொகுத்தார். இரண்டாமவர் பூச்சிகளைத் தொகுத்தார்; வாழ்நாளில் ஏறக்குறைய 10,000 உயிரினங்களுக்குப் பெயரிட்டார். அவற்றுள் ஒன்றுக்கு 1798ஆம் ஆண்டு அவர் இட்ட பெயர் 'ஸ்கார்ப்பியோ தமுலஸ்'. அது கிடைத்த இடமாகக் குறிக்கப்படுவது தரங்கம்பாடி.

தமிழை அக்கால ஐரோப்பியர் 'தமுல்' என்றே எழுதினர். ஆகவே 'தமுலஸ்' என்பதற்குத் தமிழ்நிலத்தது என்று பொருள்கொள்ளலாம். நாம் இதைப் படித்த கணத்தில் அடைந்தது மகிழ்ச்சியா, கூச்சமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. மயிலுக்கோ யானைக்கோ நம் மொழியின் பெயர் கிடைத்திருந்தால் மேடைகளில் முழங்கியிருப்போம். கிடைத்தது செந்தேளுக்கு.

செந்தேளோடு நமக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நாம் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டு, எதிர் வீட்டுச் சிறுவன் விறகு அடுக்கிலிருந்து கட்டையை உருவும்போது கொட்டுப்பட்டான். விரலளவே உள்ள பழுப்புச் சிவப்பான தேள். அதை அடித்துப் போட்டுவிட்டுப் பெரியவர்கள், "நட்டுவாக்காலி இல்லை, சின்னதுதான்" என்று ஆறுதல் கூறினர். மந்திரிப்பவர் வந்தார், வேப்பிலை அடித்தார். சிறுவனுக்கு உடல் முழுக்க வியர்த்தது, வாந்தி எடுத்தான், கைகால்கள் சில்லிட்டன. இரவில் மூச்சுத் திணறல் கண்டது. வண்டி பிடித்து நகரத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தான். 'சின்னதுதான்' என்ற அந்தச் சொல் நெடுங்காலம் நம் காதில் இருந்தது.

அந்தச் சொல்லில் ஒரு வகைப்பாடு இருந்தது. நம் ஊரார் தேள்களை நிறத்தாலும் உருவத்தாலும் பிரித்தனர்: செந்தேள், கருந்தேள், பெரிய கரிய நட்டுவாக்காலி. அச்சம் உருவத்தின் அளவுக்கேற்ப ஏறியது. தேளியலார் கூறும் பொது விதி இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. இடுக்கிகள் பருத்து வால் மெலிந்த தேள் இரையை நசுக்கிக் கொல்வது; அதன் நஞ்சு பெரும்பாலும் வலியோடு நிற்கும். இடுக்கிகள் மெலிந்து வால் தடித்த தேளோ நஞ்சையே நம்பி வாழ்வது. நட்டுவாக்காலி முதல் வகை. செந்தேள் இரண்டாம் வகை. உலகில் மனித உயிருக்கு ஊறு செய்யும் தேள்களுள் மிகப் பெரும்பாலானவை இடம்பெறும் பியூத்திடே குடும்பத்தைச் சேர்ந்தது.

வகைப்பாடு என்றதும் தமிழாசிரியருக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வராமல் இராது. அறிவின் எண்ணிக்கையால் உயிர்களை அடுக்கும் அந்த இயல், நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக வைக்கிறது. தேளை எங்கே வைத்தது என்று தேடினோம்; பெயர்சொல்லிக் குறிக்கப்படவில்லை. உரையாசிரியர் வழி நின்று நண்டின் கிளையில் சேர்க்கலாம் போலும். இதைக் காட்டி அன்றே அறிவியல் இருந்தது என்று கொடி பிடிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் கேட்ட கேள்வி வேறு. ஆயினும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1758இல் வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில், நவீன வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸ், தேளையும் நண்டையும் சிலந்தியையும் பேனையும் பூரானையும் 'சிறகிலிப் பூச்சிகள்' என்ற ஒரே கூடையில்தான் போட்டார். எட்டுக் கால் உடைய சிலந்தியும் தேளும் பூச்சியினத்தினின்று பிரிந்து தனி வகுப்பானது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு அறிஞர் லமார்க்கின் கைவண்ணத்தில். அந்தப் பத்தாம் பதிப்பில் லின்னேயஸ் குறித்த தேள்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கை அளவினவே.

மீண்டும் தரங்கம்பாடிக்கு வருவோம். 1620 முதல் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை டேனியரிடம் இருந்த அந்தச் சிறு துறைமுகம், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்கையியலாரின் கூடமாகவே விளங்கியது. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்தார். சமயப் பணியாளரான கிறிஸ்டாஃப் சாமுவேல் யோன் மீன்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஃபப்ரீசியஸுக்குப் பூச்சிகள் அனுப்பியவர்களுள் டால்டார்ஃப் என்ற டேனியப் படை அதிகாரி முதன்மையானவர். பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறுவதை 1791இல் தம் கண்ணால் கண்டதாக எழுதியவர் இவரே. அக்குறிப்பு 1797இல் இலண்டன் லின்னியன் கழக ஏட்டில் வெளியாயிற்று. மீன் மரமேறுமா என்று ஐரோப்பா நெடுநாள் விவாதித்தது. பெயரிலேயே பனையேற்றி வைத்திருந்த நம் செம்படவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தேளின் கதையிலும் அதே மௌனம் உண்டு. பகலில் கல்லுக்கடியிலும் பட்டைக்கடியிலும் ஒடுங்கிக் கிடக்கும் உயிர் அது. அதைப் பிடிக்கக் கல்லைப் புரட்ட வேண்டும்; எந்தக் கல்லைப் புரட்டுவது என்று அறிந்திருக்க வேண்டும். அதை அறிந்தவர் அந்த மண்ணில் வேலை செய்தவர். புரட்டிய கையின் பெயர் ஃபப்ரீசியஸின் நூலில் இல்லை. சாராயத்திலிட்டும் உலர்த்தியும் கப்பலேறிய உயிர்கள் அவரிடம் சேர்ந்தன. அவர் தொகுப்பின் பெரும்பகுதி பின்னர்க் கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

பெயரிடுவது எளிது, வகுப்பதுதான் கடினம். ஓர் உயிரை மற்றொன்றோடு சேர்க்கவும் பிரிக்கவும் எந்த உறுப்பை நம்புவது? பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கியபோது அறிஞர்கள் தேளின் கண்களை எண்ணினர். தலைக்கவசத்தின் நடுவில் இரு கண்களும், முன்னோரங்களில் சில சிறு கண்களும் தேளுக்கு உண்டு. ஜெர்மானியரான சி. எல். கோக் 1837இல் ஆறு கண், எட்டுக் கண், பத்துக் கண், பன்னிரு கண் என நான்கு குடும்பங்களை வகுத்தார். பார்க்க அழகான ஒழுங்கு. ஆனால் ஓரக் கண்கள் நம்பத்தக்க சான்று ஆகவில்லை. 1861இல் பீட்டர்ஸ் தேளைப் புரட்டிப் போட்டு, கால்களுக்கிடையே உள்ள மார்புத் தகட்டின் வடிவத்தை நோக்கினார். செந்தேளின் இனத்தாருக்கு அது முக்கோணம், நட்டுவாக்காலிக்கு ஐங்கோணம். இந்தக் குறிப்பு இன்றளவும் பயன்படுகிறது. கடைசியாக 1970களின் தொடக்கத்தில் பாரிஸ் அருங்காட்சியகத்தின் மாக்ஸ் வாஷோன், இடுக்கிக் கைகளில் சிறு கிண்ணம் போன்ற குழியிலிருந்து எழும் நுண்ணிய உணர்மயிர்களின் வரிசையைப் படமாக்கினார். காற்றின் அசைவை உணரும் அம்மயிர்கள் எந்த இடத்தில் எத்தனை என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது. சுவடியில் பாட வேறுபாடு காண்பவர் ஒற்றெழுத்தையும் புள்ளியையும் உற்றுப் பார்ப்பது போல, தேளியலார் மயிரை எண்ணத் தொடங்கினர். வயிற்றின் கீழுள்ள சீப்புறுப்பின் பற்களையும், வால் கணுக்களின் வரம்புகளையும், தோலின் மணிகளையும் எண்ணுவது முன்பே உண்டு. இப்போது மரபணு வரிசையும் சேர்ந்துகொண்டது.

இந்தியத் தேள்களை முதன்முதலில் முறையாக ஒரு நூலுள் அடக்கியவர் ரெஜினால்ட் இன்னஸ் போகாக். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், பிரித்தானிய இந்திய விலங்கியல் வரிசையில் சிலந்தியினங்களுக்கான தொகுதியை 1900இல் வெளியிட்டார். நம் செந்தேள் அதில் 'பியூத்தஸ் தமுலஸ்'. அதனுள்ளும் கொங்கணம், குஜராத், கங்கைச் சமவெளி ஆகியவற்றின் பெயரால் உட்பிரிவுகளை அவர் வகுத்தார். இதற்கு நிகரான பெருநூல் இந்தியர் கையால் வர 83 ஆண்டுகள் ஆயின: டிகாதரும் பஸ்தவாடேயும் எழுதி, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை 1983இல் வெளியிட்ட தேள் தொகுதி.

போகாக் இட்ட பெயர்களில் இரண்டு நம் கவனத்தை நிறுத்தின. ஒன்று 1893இல் வைத்த 'ஐசோமெட்ரஸ் தர்ஸ்டனி'. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டனைச் சிறப்பிக்கும் பெயர். தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்ட அதே தர்ஸ்டன்தான். மனிதரின் மூக்கையும் மண்டையையும் அளவுகோலால் அளந்து குறித்தவரின் பெயர், சீப்புப் பற்களை எண்ணி அறியப்படும் தேளுக்கு வாய்த்திருக்கிறது. அக்காலத்தின் அளவெடுக்கும் வேட்கைக்கு உயிரும் குடியும் ஒன்றுபோலவே தோன்றின என்று கொள்வதில் தவறிருக்காது. மற்றொன்று 1895இல் வைத்த 'ஜயகரி'. இது ஓர் இந்தியரின் பெயர். மஸ்கட்டில் நெடுங்காலம் மருத்துவ அதிகாரியாக இருந்த ஆத்மாராம் சதாசிவ ஜயகர், அங்கிருந்து மீன்களும் தேள்களும் பல்லிகளும் இலண்டனுக்கு அனுப்பினார். அரேபிய மலையாடு ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் ஓமானிய அரபுப் பேச்சுவழக்குக்கும் பழமொழிகளுக்கும் ஆய்வு எழுதியவர் என்று அறிந்தபோது நமக்கு ஏதோ உறவினரைக் கண்ட நிறைவு. சொல்லையும் தேளையும் ஒருவரே சேகரிக்கலாம் என்பதற்கு அவர் ஒரு முன்மாதிரி.

ஜயகரியும் தமுலஸும் இன்று ஒரே பேரினத்தில் இருக்கின்றன. அப்பேரினத்தின் பெயரில்தான் கதையின் முள் இருக்கிறது. போகாக் காலத்துப் 'பியூத்தஸ் தமுலஸ்', வாஷோன் 1950இல் அமைத்த 'மீசோபியூத்தஸ்' பேரினத்துக்கு மாறிற்று. செக் நாட்டு அறிஞர் கோவாரிக் 2007இல் வெளியிட்ட திருத்தாய்வுக்குப் பின் 'ஹாட்டென்டோட்டா தமுலஸ்' என்பது நிலைபெற்றது. ஹாட்டென்டோட் என்பது தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் மக்களை ஐரோப்பியக் குடியேறிகள் அழைத்த பெயர். இன்று இழிசொல்லாகக் கருதப்படுவது. அதைத் தேளுக்கு முதலில் இட்டவரும் நம் ஃபப்ரீசியஸே. 1787இல் ஒரு தேளுக்கு இனப்பெயராக வைத்தார். அந்தத் தேளின் வாழிடமோ மேற்கு ஆப்பிரிக்கா. கோய்கோய் மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு. 1908இல் பிருலா அச்சொல்லையே பேரினப் பெயராக உயர்த்தினார். ஆக, இன்று செந்தேளின் பெயரில் இரு மக்கட்கூட்டங்கள் அருகருகே நிற்கின்றன. இருவர் மண்ணையும் மிதித்திராத ஒருவர் இட்ட பெயர்கள், அவர் இறந்து இரண்டு நூற்றாண்டுகள் ஆகும் தறுவாயில், அவரறியாமல் ஒன்றாகச் சேர்ந்தன.

பெயரை மாற்றலாகாதா? தாவரவியலார் 2024இல் மாட்ரிட்டில் கூடி, ஆப்பிரிக்கரை இழிக்கும் ஒரு சொல்லையுடைய தாவரப் பெயர்களைத் திருத்த வாக்களித்தனர். விலங்குகளின் பெயரிடலை ஆளும் பன்னாட்டு ஆணையம் 2023இல் நேரெதிரான நிலையை எடுத்தது: முந்தியது நிற்கும், அறநெறி கருதிப் பெயர்களை மாற்றப் புகுந்தால் அறிவியல் உரையாடலே குழம்பும் என்றது. அந்த வாதத்தை நாம் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் அதன் கவலை வெற்றுக் கவலை அன்று என்பதைச் செந்தேளே காட்டுகிறது.

1990இல் இதன் நஞ்சிலிருந்து ஐபீரியோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தவர்கள் தேளைப் பியூத்தஸ் என்றே எழுதினர். உயிரணுச் சவ்வின் பொட்டாசியக் கால்வாய்களுள் ஒருவகையை மட்டும் அடைப்பதால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கருவியாகப் பயன்படும் பொருள் அது. டாமுலோடாக்சின், டாமாபின் என்று வேறு இரு நஞ்சுகளின் பெயரிலும் தமுல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த மருத்துவ ஆய்வின் தலைப்பிலோ, திருத்தாய்வு வந்து நான்காண்டுகளுக்குப் பின்னும், மீசோபியூத்தஸ். ஒரே உயிரைப் பற்றித் தேடும் மருத்துவ மாணவர் மூன்று பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றை விட்டால் ஒரு கால்நூற்றாண்டின் அறிவை விடுவார்.

அந்த 2011 ஆய்வை எழுதியவர்களுள் ஒருவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். மகாராட்டிரத்தின் கொங்கணப் பகுதியில், மகாட் என்னும் சிற்றூரில், மனைவி பிரமோதினியோடு மருத்துவம் பார்ப்பவர். செந்தேள் கொட்டியவர் எப்படி இறக்கின்றனர் என்பதைப் படுக்கையருகே அமர்ந்து குறித்து, 1982இல் லான்செட் இதழுக்கு எழுதினார். நஞ்சு நரம்புகளைத் தூண்டி உடலை அட்ரினலின் போன்ற சுரப்புகளால் நிறைக்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது. இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் என்று அவர் 1980களில் கண்டு, கொடுத்துக் காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. எதிர் வீட்டுச் சிறுவனைப் பற்றி எழுதினோம் அல்லவா? அவன் இறந்த ஆண்டு, அந்த மாத்திரை கொங்கணத்தில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது. நம் ஊருக்குச் செய்தி வரவில்லை.

2011 ஆய்வு நஞ்சுமுறி மருந்தையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுவதைக் காட்டியது. இங்கேதான் வகைப்பாடு மீண்டும் குறுக்கிடுகிறது. நஞ்சுமுறி என்பது குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சூட்டி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது. எந்த மண்ணின் தேளிலிருந்து நஞ்சு எடுத்தார்களோ அந்த நஞ்சுக்கு அது சிறப்பாக இசையும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் செந்தேள் நஞ்சும், தக்காணத்து வறள்நிலச் செந்தேள் நஞ்சும் கூறுகளில் வேறுபடுவதாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் தமுலஸ் என்பது ஓர் இனமா, ஒரே பெயரில் ஒளிந்திருக்கும் பலவா? போகாக் நிறமும் மணியும் பார்த்து வகுத்த உட்பிரிவுகளைப் பின்வந்தோர் தேவையற்றவை எனக் கழித்தனர். மரபணு பார்ப்போர் அந்தக் கதவை மறுபடி தட்டுகின்றனர். முடிவு எதுவாயினும், தரங்கம்பாடித் தேள் தமுலஸாகவே இருக்கும். முந்தியது நிற்கும் என்ற விதியின்படி, பிரிய நேர்ந்தால் பிரிந்து வேறு பெயர் கொள்ளவேண்டியவை மற்ற ஊர்த் தேள்களே. 2013இல் இதே செந்தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இருப்பது முதன்முறையாகப் பதிவாயிற்று. அங்குள்ள மருத்துவர்களுக்கு இது வெறும் பெயராராய்ச்சி அன்று.

புதிய தேள்கள் இன்று அடிக்கடி கண்டறியப்படுவதற்கு ஒரு விளக்கு காரணம். புற ஊதா ஒளி பட்டால் தேளின் தோல் பசுநீலமாக ஒளிரும். 1950களில் அறியப்பட்ட இவ்வியல்பு, கையடக்க விளக்குகள் வந்தபின் தேள் தேடுவோரின் வழக்கத்தையே மாற்றிற்று. கல் புரட்டும் பகல்வேலை போய், இருட்டில் நடக்கும் இரவுவேலை ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளியான உலகத் தேள் அட்டவணை 1,259 இனங்களைக் கணக்கிட்டது. இப்போது எண்ணிக்கை 2,500ஐத் தாண்டிவிட்டது. பழையனவும் பிரிகின்றன: நட்டுவாக்காலிகளின் பேரினமான ஹெட்டிரோமெட்ரஸை 2020இல் பிரென்டினியும் லோரியாவும் பலவாகப் பிரித்தனர். உலகின் மிகப் பெரிய தேள்களுள் ஒன்றான ஸ்வாமர்டாமி, 'கிகாண்டோமெட்ரஸ்' என்ற பொருத்தமான வீட்டுக்குக் குடிபோயிற்று. கலிஃபோர்னியாவில் 2022இல் பள்ளி மாணவர் இருவர், இணையத்தில் பிறர் இட்ட படங்களைக் கண்டு ஐயுற்று, நேரில் தேடிச் சென்று, ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து இரு புதிய தேளினங்களை விவரித்தனர்.

அந்தச் செய்தியைப் படித்தபின் நாமும் ஒரு புற ஊதா விளக்கு வாங்கினோம். சென்ற ஆண்டு, நிலவில்லாத ஓர் இரவில், மாணவர் சிலரோடு கல்லூரியின் பின்புறத் தரிசில் நடந்தோம். காவலாளி முன்னே சென்றார். முக்கால் மணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. "இங்க இருக்காதுங்க, அந்த இடிஞ்ச வரப்புகிட்ட வாங்க" என்று அவர் வேறு பக்கம் அழைத்துச் சென்று, ஒரு கல்லைக் கழியால் நெம்பினார். விளக்கைத் திருப்பியதும் கல்லின் விளிம்பில் பச்சை நெருப்புப் போல ஒன்று வாலை வளைத்தது. வெள்ளை விளக்கில் பார்த்தால் செந்தேள். மாணவியர் இரண்டடி பின்வாங்கினர்.

"ஐயா, இதுக்கு என்ன பேர் எழுதணும்?" என்று ஒருத்தி கேட்டாள். சொன்னோம். ஏட்டில் எழுதிக்கொண்டாள். தேதி, நேரம், இடம், கல்லின் நிலை. பிடித்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து, காவலாளியிடம் அவருடைய முழுப்பெயரைக் கேட்டாள். அவர் முதலில் எதற்கு என்று தயங்கினார். பிறகு தம் தகப்பனார் பெயரையும் சேர்த்தே சொன்னார்.